தெருவில் பச்சையாக இருந்த வீடு

குழாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வரும். 'புஸ்' என்று ஒரு நீண்ட மூச்சு, அதன் பின்னால் தொண்டையில் சளி கட்டியவர் செருமுவதுபோல் இரண்டு மூன்று செருமல், அப்புறம் துருவின் நிறத்தில் உள்ளங்கை கொள்ளும் அளவுக்குத் தண்ணீர், அதோடு சரி. கையை முகர்ந்தால் பழைய ஆணியின் வாடை அடிக்கும். நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில், ஆரணியில் எங்கள் தெருவின் எல்லா வீட்டுக் குழாய்களும் இப்படித்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. முந்தின வருட மழை ஏமாற்றிவிட்டது. கமண்டல நாகநதியின் நடுவில் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். நகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால், மழை எப்போது வரும் என்று கேட்டதுபோலப் பெரியவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். வறட்சி என்றாலே தாத்தா காலத்துச் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை, அந்தக் கோடையில் எங்கள் தெருவில் எல்லார் கையிலும் செல்போன் இருந்தது, தண்ணீர்தான் இல்லை.

எங்கள் தெரு முழுக்கத் தறி வீடுகள். தெரு முனையில் ஒரு புங்க மரம், அதன் கீழே தெருக்காரர்கள் சேர்ந்து போட்ட போர், அதற்கு ஒரு சின்ன மோட்டார் ரூம், மேலே கறுப்புத் தொட்டி. அந்த மோட்டார் ரூமை ஒட்டினாற்போல் இருந்தது எங்கள் வீடு. இரண்டுக்கும் நடுவில் கட்டில் இரண்டு போடும் அகலத்தில் மண் தரை. அதுதான் அம்மாவின் தோட்டம். தோட்டம் என்று நான்தான் பெருமையாகச் சொல்கிறேன். அம்மாவுக்கு அது வெறும் 'செடி'. "செடிக்குப் போறேன்" என்பாள், பக்கத்து ஊருக்குப் போவதுபோல. ஒரு பெரிய குண்டுமல்லிப் புதர், சுவரை ஒட்டிக் கனகாம்பரம் ஒரு வரிசை, கறிவேப்பிலை, பந்தல் கட்டிய அவரை, யாரோ தின்று துப்பிய விதையிலிருந்து தானாக வந்த ஒரு பப்பாளி. நாளெல்லாம் தறியின் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவுக்கு நூல் சுற்றிக் கொடுத்து, சமைத்து, என்னையும் தம்பியையும் மேய்த்து, எல்லாம் முடிந்த பிறகு மீதியாகிற அம்மா அந்த மண்ணில்தான் நிற்பாள். அங்கே நிற்கும்போது மட்டும் ஏதாவது ஒரு பாட்டை வரி தெரியாமல் முணுமுணுப்பாள். வெள்ளிக்கிழமையானால் மல்லியைப் பறித்துத் தொடுத்து, எதிர்வீட்டு சரோஜா பெரியம்மாவுக்கு முதல் முழம், அப்புறம் இடது பக்கம், வலது பக்கம் என்று தெருவில் பாதிப் பெண்கள் தலையில் எங்கள் வீட்டுப் பூதான் இருக்கும்.

பங்குனி பாதியில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து அறிவித்தார்கள். குடிநீரைச் செடிகொடிகளுக்குப் பாய்ச்சக் கூடாது, ரப்பர் டியூப் மாட்டித் தண்ணீர் பிடிக்கக் கூடாது, மீறினால் இணைப்பு துண்டிக்கப்படும். அது நகராட்சிக் குழாய்க்கான உத்தரவு. ஆனால் போர்த் தண்ணீரும் இறங்கிக்கொண்டே போனதால் எங்கள் தெருவும் அன்று சாயங்காலமே புங்க மரத்தடியில் கூடி, அதே கட்டுப்பாட்டைத் தனக்கும் போட்டுக்கொண்டது. மோட்டாரைக் காலையில் ஒரு தரம் மட்டும் போடுவது, வீட்டுக்கு இத்தனை குடம் என்று குடத்தில் மட்டும் பிடிப்பது, யாரும் டியூப் மாட்டுவதில்லை. பேச்சோடு விட்டால் யாராவது மாட்டிவிடுவார்கள் என்று, எல்லார் வீட்டு டியூப்பையும் வாங்கி மோட்டார் ரூமில் போட்டுப் பூட்டிவிடுவது என்றும் முடிவானது. எந்த டியூப் யாருடையது என்று பின்னால் சண்டை வருமே? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். அவரவர் தறியில் மிஞ்சிய பட்டு நூலை டியூப்பின் வாயில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுடையது வாடாமல்லி நிறம். பச்சையும் கறுப்புமாகக் குவிந்து கிடந்த அந்த டியூப்புகள், ஒவ்வொன்றும் கழுத்தில் ஒரு பட்டிழையோடு, பிடித்துக் கட்டிவைத்த பாம்புகளைப்போல் இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எங்கள் தெருவின் கேலிக்காரர் தாமு மாமா தன் டியூப்பைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தார். "இன்னாணா, டியூப்ப கூட ஜப்தி பண்றீங்க. நாளைக்கு வேட்டிய கேப்பீங்க போலகீதே?"

"வேட்டிய நீயே வெச்சிக்கோ தாமு, டியூப்ப மட்டும் குடு" என்றார் அப்பா.

சாவியை யார் வைத்துக்கொள்வது என்று கேள்வி வந்தபோது ஒருவர்கூட யோசிக்கவில்லை. "ஏழுமல கையில குடுங்க, பேஜாரே இல்ல" என்றார்கள். அப்பாதான் ஏழுமலை. கடன் கொடுத்த நூலில் ஒரு இழை கூடுதலாக வந்தாலும் திருப்பிக் கொடுக்கிற ஆள் என்று பெயர். அந்தச் சாவியை அப்பா இடுப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டார். அன்றைக்கு அது எங்கள் வீட்டுக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் நான் நினைத்தேன். தம்பியிடம் அதைச் சொல்லி ரொம்பவே அலட்டிக்கொண்டேன்.

செடியை என்ன செய்வது என்று அம்மா யாரையும் கேட்கவில்லை. எங்கள் பங்குக் குடங்களில் ஒரு சொட்டைக்கூட அவள் நேராகச் செடிக்கு ஊற்றியதில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். தண்ணீர் முதலில் வீட்டுக்கு உழைத்துவிட்டு அப்புறம்தான் செடிக்குப் போகும். அரிசி களைந்தது, கீரை அலசியது, குடம் விளக்கியது எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேரும். நானும் தம்பியும் ஒரு பெரிய அலுமினியப் பேசனுக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். அந்தத் தண்ணீரும் வாளிக்குப் போகும். அதற்காகவே அந்தக் கோடை முழுக்க எங்களுக்குச் சோப்பு கிடையாது. பயத்த மாவுதான். "சோப்புத் தண்ணிய வேர் குடிக்காதுடி" என்பாள். வியர்வையோடு அந்த மாவு வாசனை சேர்ந்து, பக்கத்தில் உட்கார்கிற பிள்ளைகள் "உங்க வூட்ல தினமும் வடையா?" என்று கேட்கிற அளவுக்கு மணந்தோம். சேர்த்த தண்ணீரைச் சூரியன் இறங்கிய பிறகு டம்ளரால் மொண்டு, செடியின் மேலே அல்ல, அடியில், வேருக்கு மட்டும், குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவதுபோல் ஊற்றுவாள். ஊற்றிய இடத்தைத் தேங்காய் நாரும் பழைய சாக்குத் துணியும் போட்டு மூடிவிடுவாள். கறிவேப்பிலையையும் அவரைப் பந்தலையும் பப்பாளியையும் முதலிலேயே கைவிட்டாள். "எல்லாத்துக்கும் பத்தாது. ரெண்ட காப்பாத்தலாம்" என்று மல்லியையும் கனகாம்பரத்தையும் வைத்துக்கொண்டாள்.

மல்லிக்குக் கோடைதானே பருவம்? அது பூத்துத் தள்ளியது. சித்திரை வெயிலில் தெருவே வெந்த செங்கல் நிறமாகி, எல்லார் வாசலிலும் துளசிகூடக் குச்சியாகிவிட்ட நேரத்தில், எங்கள் வீட்டுச் சுவரோரம் மட்டும் கரும்பச்சை. தெருவுக்குள் நுழைகிற எவருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போகும். போர், மோட்டார் ரூம், அதை ஒட்டி அந்தப் பச்சை. இப்போது யோசித்தால் ஒரு படம் வரைந்து, அம்புக்குறியும் போட்டு வைத்ததுபோல் இருக்கிறது. எங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

சரோஜா பெரியம்மாதான் முதலில் கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை. அவர்கள் வீட்டுப் பின்கட்டில் சாய அடுப்பு இருந்தது. பெரியப்பா கச்சாப் பட்டின் பசை போகச் சோடாவும் சோப்பும் போட்டுக் கொதிக்க வைத்து, அலசி, சாயம் ஏற்றித் தருவார். அதற்கான தண்ணீர் சேவூர்ப் பக்கத்து வயல் கிணற்றிலிருந்து டேங்கரில் வரும். பெரியம்மாவும் வாசலில் ரோஜாவும் நந்தியாவட்டையும் வைத்திருந்தாள். அவை வாடத் தொடங்கியிருந்தன.

"ஏன்டி கலா, ஊரே காஞ்சி கெடக்குது, உன் மல்லி மட்டும் எப்டிடி சிரிச்சிகினு நிக்குது?"

அம்மா பூத்தொடுத்துக்கொண்டே சொன்னாள்: "பெருசா இன்னா கீதுக்கா, வூட்டுல மிஞ்சுற தண்ணிதான்."

அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு வாக்கியம்தான். எங்கள் வீட்டில் மிஞ்சுகிற தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர். அவர்கள் வீட்டில் மிஞ்சுகிற தண்ணீர் பட்டு அலசிய தண்ணீர். முதல் அலசலைப் பெரியம்மாவும் செடிக்கு ஊற்ற மாட்டாள். நுரைத்துக்கொண்டு கொழகொழவென்று இருக்கும், அது ஆகாது என்று அவளுக்கே தெரியும். கடைசி அலசல் அப்படி இல்லை. கண்ணுக்குப் பன்னீர் மாதிரி தெளிவாக இருக்கும். அதைத்தான் அவள் மிஞ்சுகிற தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, அண்டா அண்டாவாகக் காலையும் மாலையும் ரோஜாவுக்கு ஊற்றினாள். தெளிந்த தண்ணீரில் சோடா எங்கே தெரியும்? இலைகளின் ஓரம் முதலில் மஞ்சளானது, பிறகு பீடிக் காகிதம்போல் கருகிச் சுருண்டது, மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு படிந்தது. பெரியம்மா, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, இன்னும் ஊற்றினாள்.

ஒரு மாலை நான் அவர்கள் வாசலைக் கடக்கும்போது அவள் அலசல் அண்டாவைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது எதைக் கண்டுபிடித்தாலும் உடனே உரக்கச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குணம் இன்னும் போகவில்லை. பள்ளியில் லிட்மஸ் தாளும் காரமும் படித்து முடித்திருந்தோம். "பெரிம்மா, அதுல சோடா கீது, செடி செத்துடும்!" என்று கத்தினேன்.

பெரியம்மா அண்டாவைக் கீழே வைத்தாள். "எம் புருசன் நீ பொறக்கறதுக்கு முன்னால இருந்து பட்டு அவிக்கிறாரு. கடசி அலசல்ல சோடா இருந்தா சாயம் நிக்குமாடி? ஆறாங்கிளாசு வந்து எனக்குச் சொல்லிக் குடுக்குது. உங்கம்மா சொல்லி அனுப்பிச்சாளா?"

சாயத்துக்கு இடைஞ்சல் செய்யாத அளவு சோடா வேருக்கு இடைஞ்சல் செய்யும், அதுவும் நாள்தோறும் ஊற்றினால் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். நான் சொன்னது சரிதான். அது சரியாக இருந்ததால் எந்தப் பிரயோசனமும் இல்லை. அவள் மனதில் கணக்கு வேறு மாதிரி முடிந்திருந்தது. மிஞ்சின தண்ணீர் ஊற்றினால் செடி சாகிறது, இதோ கண்ணெதிரே செத்துக் கிடக்கிறது. அப்படியானால் கலாவின் செடிக்குப் போவது மிஞ்சின தண்ணீர் இல்லை. கலா தன்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள். மோட்டார் ரூமின் சாவி கலா வீட்டுக்காரர் இடுப்பில். டியூப்பும் அந்த ரூமுக்குள்ளேதான் கிடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மல்லி.

அந்தக் கணக்கு தெருவெல்லாம் பரவிய பிறகும் யாரும் எங்கள் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை என்பதை எழுதியாக வேண்டும். பேசினால் பதில் பேசலாம். தாமு மாமா மட்டும் ஒரு நாள் குடம் வைக்க வந்தவர், எங்கள் சுவரை எட்டிப் பார்த்து, "இன்னாணா, உங்க வூட்டு மல்லிக்கு மட்டும் வானத்துலேர்ந்து தனி லைன் போட்டுகீறாங்களா?" என்றார். அப்பா சிரித்தார். வரிசையில் நின்ற மற்றவர்களும் சிரித்தார்கள், ஆனால் அவர்கள் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா பூவோடு எதிர்வீட்டுக்குப் போனபோது பெரியம்மா கதவருகிலேயே நின்று, "தலவலிடி, பூ வாசன ஆவல, நீயே வெச்சிக்கோ" என்றாள். அம்மா திரும்பி வந்து அந்த முழத்தைச் சாமி படத்துக்குப் போட்டாள். மற்ற வீடுகளிலும் இப்படியே ஏதோ ஒரு காரணம். எங்கள் வீட்டுச் சாமிக்கு அந்த வாரம் நாலு மாலை.

அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எங்களுக்குப் புரிந்தது பாவு போட்ட அன்றைக்குத்தான். வெளியூர்க்காரர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், சேலைக்கான நீள நூல் அத்தனையையும் விடியற்காலையில் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, சீராக்கிச் சுருட்டுவார்கள். அதுதான் பாவு. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பட்டு காய்ந்து முறியும். இதை ஒரு வீட்டு ஆட்களால் செய்ய முடியாது. இரண்டு பக்கமும் கை வேண்டும். அதற்காக யாரையும் கூப்பிடுகிற வழக்கமும் இல்லை. தெருவில் பாவு கட்டுவதற்கு முளை அடிக்கிற சத்தம் கேட்டால், பல் துலக்கிக்கொண்டிருப்பவர்கூட வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நிற்பார். கூலி கிடையாது, காபிதான். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு.

அன்று அப்பா முளை அடித்தார். நான் டம்ளர்களை எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. சத்தம் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, ஏற்கெனவே கெட்டியாக இறங்கிவிட்ட முளையின் மேல் மறுபடியும் அடித்தார். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. தாமு மாமா வீட்டில் ரேடியோ பாடியது. வாசல் தெளிக்க வந்த ஒரு அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, தெளிக்காமலேயே உள்ளே போய்விட்டாள். அப்பா மூன்றாவது முறை சுத்தியலை ஓங்கினார், பிறகு அடிக்காமல் மெதுவாகக் கீழே வைத்தார். அந்தச் சுத்தியல் தரையில் பட்ட சத்தம்தான் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது; அடித்த சத்தம் இல்லை, வைத்த சத்தம்.

நாங்கள் நாலு பேருமே இழுத்தோம். ஒரு முனையில் அப்பா, மறு முனையில் அம்மா, நடுவில் நானும் தம்பியும் பாவைத் தாங்கும் கோல்களைப் பிடித்தபடி. நடுப்பகுதி தொய்ந்தது, தம்பிக்குக் கை வலித்து ஒரு கணம் விட்டுவிட்டான், ஒரு ஓரம் முழுக்கச் சிக்கிக்கொண்டது. வெயில் ஏறியது. இழைகள் ஒவ்வொன்றாக அறுவது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். சின்னச் சின்னதாகக் கிள்ளுவதுபோல் இருக்கும். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி, பாவுக்குக் கீழே குனிந்து, எங்களைப் பார்க்காமல் தள்ளிக்கொண்டு போனார்கள். பாதி நூலைச் சரி செய்யாமலேயே சுருட்டி உள்ளே கொண்டுபோனோம். அடுத்து வந்த மாதத்தில் அப்பா தறியில் உட்கார்ந்து நெய்த நேரத்தைவிட அறுந்ததை முடிந்த நேரம்தான் அதிகம்.

அன்று மத்தியானம், சாப்பிட்ட தட்டு காய்ந்துகொண்டிருக்க, அப்பா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துத் தரையில் வைத்தார். "சாயங்காலம் போய் குடுத்துட்டு வந்துடறேன். வேற யாராச்சும் வெச்சிக்கட்டும்."

அம்மா தட்டை எடுக்காமல் சொன்னாள்: "இப்ப குடுத்தீங்கன்னா, ஆமா திருடனோம்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்ங்க."

"அப்ப இன்னா பண்ணச் சொல்றே? வூடு வூடா போயி சத்தியம் பண்ணிகினு இருக்கவா?"

"யாரும் கேக்கவே இல்லியே. கேக்காததுக்கு எப்டி சத்தியம் பண்ணுவீங்க?"

அப்பா தறியின் பக்கம் திரும்பிக்கொண்டார். செடியை விட்டுவிடு என்று அவர் சொல்லவே இல்லை. பின்னாளில் அம்மாவோடு சண்டை வந்தபோதெல்லாம் "நான் சொன்னேனா?" என்று அவர் கேட்டதுண்டு, உண்மைதான், அவர் சொல்லவில்லை. சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா சாவியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அன்று மாலை வாளி நிறைந்தது. அம்மா அதைத் தூக்கிக்கொண்டு, செடிப் பக்கம் திரும்பாமல், நேராகத் தெருவில் இறங்கி நடந்தாள். எல்லாரும் வாசலில் இருக்கிற நேரம். புங்க மரத்தடிக்குப் போய், அரிசி களைந்த தண்ணீரும் நாங்கள் குளித்த தண்ணீரும் சேர்ந்த அந்த வாளியை, டம்ளரால் மொண்டு அல்ல, ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்துவிட்டு, வெறும் வாளியை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். தெரு பார்த்தது. அதற்காகத்தானே நடந்தாள்.

ஒரு செடி தண்ணீருக்குக் காத்திருந்து சாவதை நீங்கள் தினமும் பார்த்திருக்கிறீர்களா? அது ஒரேயடியாகச் சாகாது. முதலில் மொட்டுகளைக் கைவிட்டது. விரியாத மொட்டுகள் பழுப்பாகி, தட்டினால் உதிர்ந்தன. பிறகு இலைகள் வெயிலுக்கு விளிம்பு காட்டித் திரும்பிக்கொண்டன. சாயங்காலமானால் கொஞ்சம் நிமிரும், வாளிச் சத்தம் கேட்கிற நேரம் அது என்று எனக்குத் தோன்றும். கனகாம்பரம் ஒரு வாரத்தில் முடிந்தது. மல்லிக்கு உயிர் கெட்டி. அம்மா அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்தாள், அனல் அடிக்கிறது என்று காரணம் சொன்னாள். பாட்டு முணுமுணுப்பது நின்றுபோனதை நான் கவனித்தேன்.

நான் சும்மா இருக்கிற பிள்ளையா? குடிக்கக் கொடுக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்து, ஒரு பழைய குளிர்பான பாட்டிலில் சேர்த்து, மத்தியானம் தெரு அடங்கிக் கிடக்கிற நேரமாகப் பார்த்து மல்லியின் அடியில் ஊற்றத் தொடங்கினேன். சில நாளில் ஒரு கணுவில் நெல்மணி அளவுக்கு ஒரு துளிர் தலைகாட்டியது. அதைப் பார்த்து நான் குதித்த குதியில்தான் மாட்டிக்கொண்டேன். அம்மா பின்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். குனிந்து, அந்தத் துளிரை ஆள்காட்டி விரலால் ஒருமுறை தொட்டாள். பிறகு கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எறிந்தாள்.

"வேணாம்டி. ஒரு எல பச்சையா இருந்தாலும் கேப்பாங்க."

என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, மிச்சமிருந்த தண்ணீரை என் வாயிலேயே ஊற்றினாள். நான் அழுதுகொண்டே குடித்தேன். வெந்நீர்போல் சுட்டது.

ஆடி பிறப்பதற்குள் மல்லி விறகாகிவிட்டது. ஆடியில் அப்பா மறுபடியும் பாவு போட்டார். ஒரே ஒரு முளைதான் அடித்தார், அதுவும் மெதுவாக, கேட்டாலும் கேட்கட்டும் என்பதுபோல. இரண்டாவது முளைக்குச் சுத்தியலை எடுப்பதற்குள் தாமு மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "இன்னாணா, ஜல்தியா ஆரம்பிச்சிட்டே, காபி போட்டாச்சா?" வரிசையாக எல்லாரும் வந்தார்கள். சரோஜா பெரியம்மா வந்து அம்மாவுக்குப் பக்கத்தில், பாவின் தலைப்பில், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். தொங்கிக்கொண்டிருந்த இழைகளை அவள் விரல்கள் ஒன்றுவிடாமல் முடிந்தன. அந்த வேலையில் அவளுக்கு ஈடு யாரும் இல்லை. நடுவில் எங்கள் சுவரோரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாவம்டி கலா, எவ்ளோ நல்லா வெச்சிருந்தே. பாழாப்போன வெயிலு."

"ஆமாக்கா, வெயிலுதான்" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை பாவுக்கு அடியில் நீண்டு வந்து என் தொடையைக் கிள்ளியது. அன்று பாவு வெயில் ஏறுவதற்குள் முடிந்தது. ஒரு இழைகூடச் சிக்கவில்லை. எல்லாரும் காபி குடித்தார்கள், தாமு மாமா சொன்ன எதற்கோ அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். எங்களுக்கு எங்கள் தெரு திரும்பக் கிடைத்துவிட்டது. என்ன கொடுத்து வாங்கினோம் என்பது அந்த மண் தரையில் எல்லார் கண் முன்னாலும் நின்றுகொண்டிருந்தது, ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மோட்டார் ரூமைத் திறந்து, நூல் நிறம் பார்த்து அவரவர் டியூப்பை எடுத்துப் போனார்கள். கட்டை என்று நினைத்த மல்லியின் அடியிலிருந்து, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு குருத்து வந்தது. நான் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன். அவள் பார்த்தாள். அந்த வாரமே சரோஜா பெரியம்மா வந்து, மழைக்கு எதையாவது நட வேண்டும், உன் மல்லியில் ஒரு குச்சி கிடைக்குமா என்று கேட்டாள். அம்மா கடப்பாரையை எடுத்து, குச்சி இல்லை, அந்த வேரையே மண்ணோடு பெயர்த்து, சாக்கில் சுற்றி, எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய், குழி தோண்டி நட்டும் கொடுத்துவிட்டு வந்தாள். சோடா ஏறிய மண்ணை ஒரு முழம் ஆழத்துக்குத் தள்ளிவிட்டு வேறு மண் போட்டுத்தான் நட்டாள். ஏன் என்று பெரியம்மா கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அடுத்த கோடையிலிருந்து வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு அங்கிருந்து பூ வந்தது. அம்மா அதைச் சாமிக்குப் போட்டாள். தலையில் வைத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் சுவரோர மண் தரை இப்போது சிமெண்ட். தம்பியின் பைக் நிற்கிறது. தெருவிலும் சிமெண்ட் கல் பதித்துவிட்டதால் முளை அடிக்க மண் இல்லை; பாவு எல்லாம் மிஷினில் ஆகி வருகிறது, யாரும் யாருக்காகவும் காலையில் எழுந்து வர வேண்டியதில்லை, வராமல் இருக்கவும் வேண்டியதில்லை. போரை மூடிவிட்டார்கள். சரோஜா பெரியம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கடைசி மாதங்களில் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது அம்மாதான்.

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், இரண்டாவது மாடியில் வாடகை வீடு. செடிப் பைத்தியம் எனக்கு இருக்கிறது என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. தெருவைப் பார்த்த பால்கனியில் தக்காளி, கத்திரி, புதினா, ஒரு சங்குப்பூக் கொடி. தேங்காய் நார்க் கழிவில் எது வரும், எது வராது என்று அலுவலகத்தில் யார் மாட்டினாலும் பாடம் எடுப்பேன். இந்தக் கோடையில் இங்கும் தண்ணீர் லாரிதான். நானும் காய்கறி அலசிய தண்ணீரை வாளியில் சேர்க்கிறேன். போன மாதம் அம்மா முதன்முறையாக வந்து என்னோடு ஒரு வாரம் இருந்தாள். அவளுக்குக் காட்ட வேண்டும் என்றே காத்திருந்தேன். பையைக்கூடக் கீழே வைக்க விடாமல் பால்கனிக் கதவைத் திறந்து நிறுத்தினேன். சங்குப்பூ கம்பியெல்லாம் ஏறி, கீழே போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு நீலமாகப் பூத்திருந்தது.

அம்மா அதைப் பார்த்தாள். பிறகு கம்பிக்கு வெளியே, எதிர் மாடிகளைப் பார்த்தாள்.

"கீழ் வூட்டுக்காரங்க ஏதாச்சும் கேட்டாங்களா?" என்றாள்.

இல்லை என்றேன். இது நான் சேர்த்த தண்ணீர், என் வீட்டுத் தண்ணீர், இங்கே யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள் என்று விளக்கினேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது பால்கனி காலியாக இருந்தது. சங்குப்பூக் கொடியை ஒரு கணுகூட ஒடியாமல் கம்பியிலிருந்து பிரித்து எடுத்து, எல்லாத் தொட்டிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய், அதே மாடியில் குளியலறைக்குப் பின்னால், எந்த வீட்டு ஜன்னலிலிருந்தும் தெரியாத சந்தில் வரிசையாக வைத்திருந்தாள். தண்ணீரும் ஊற்றியிருந்தாள், வேருக்கு மட்டும்.

அந்தச் சந்தில் வெயில் விழாது. அது அவளுக்குத் தெரியாதா என்ன?